போரோ மேட்ச்: ஆட்டத்துக்கு முந்தைய கொல்கத்தா

வியாழன்: ஷாலிமார், லேக் மார்க்கெட்

ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற இரண்டு கொல்கத்தா கால்பந்துக் கிளப்புகள் மோதும் ஆட்டம்தான் போரோ மேட்ச், பெரிய ஆட்டம். டெர்பி என்றும் சொல்வார்கள். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் அதைப் பார்க்க வருபவர்களுக்கான குறிப்புகள் இவை. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போதெல்லாம் ஹௌராவுக்குள் போவதில்லை, ஷாலிமாரோடு முடிந்துவிடுகிறது. அங்கே மெட்ரோ கிடையாது. பெட்டியோடு இறங்கினால் டாக்சிதான். சென்னை–ஹௌரா மெயிலில் வருபவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஹௌரா நிலையத்துக்குக் கீழேயே மெட்ரோவின் பச்சைத் தடம் ஓடுகிறது. 2024 மார்ச்சில் அது ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் புகுந்து எஸ்பிளனேடு வரை வந்தது. 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடு–சியால்தா துண்டும் சேர்ந்துவிட்டதால், ஹௌராவில் ஏறிச் சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையத்தில் நேராக இறங்கலாம். டெர்பி நாளின் கூட்டக் கணக்கையே மாற்றிய தடம் இது. ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் மறுபடி வரும்.

தங்குமிடத்தை ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் தேடாதீர்கள். ஆட்ட நாளன்று பகல் ஒரு மணிக்கு மேல் அந்த வட்டாரத்தில் வண்டி எதுவும் நினைத்த பக்கம் திரும்ப முடியாது. தமிழர்களுக்கு வசதி தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி. இட்லிக்கும் டிகிரி காபிக்கும் குறைவில்லை. கொஞ்சம் நடந்தால் காளிகாட் மெட்ரோ. அங்கிருந்து நீலத் தடத்தில் எஸ்பிளனேடு, அங்கே பச்சைக்கு மாறினால் சால்ட் லேக்.

பெட்டியில் என்ன நிறச் சட்டை இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும் ஈஸ்ட் பெங்கால். பச்சையும் மெரூனும் மோகன் பகான். தற்செயலாகப் போட்ட மஞ்சள் டி-ஷர்ட்டுக்கு யாரும் அடிக்கப்போவதில்லை. ஆனால் வாசலில் நிற்கும் போலீஸ்காரர் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் உங்களை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்வார். தவறான பக்கம் திருப்பப்பட்டால் ஒன்றரைக் கிலோமீட்டர் எதிர்க்கூட்டத்தில் நீந்த வேண்டும். சாம்பல், வெள்ளை, கறுப்பு உத்தமம். கறுப்பு–வெள்ளை மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் நிறம்தான், ஆனால் அன்றைக்கு அவர்கள் களத்தில் இல்லை.

கோட்டி, பாங்கால் என்ற பிரிவைத் தெரியாமல் இந்தப் பகை புரியாது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பாங்கால். அவர்கள் அணி ஈஸ்ட் பெங்கால், மீன் ஹில்சா. மேற்கு வங்கத்தின் பூர்வீகக் குடிகள் கோட்டி. அவர்களுக்கு மோகன் பகான், இறால். 1947-க்குப் பின் அகதிகள் எழுப்பிய ஜாதவ்பூர், பிஜய்கர் காலனிகள் ஈஸ்ட் பெங்காலின் கோட்டை. ஷியாம்பஜார், பாக்பஜார் முதலான வடக்கத்தி வீதிகள் மோகன் பகானின் கோட்டை. இன்று கலப்புத் திருமணங்கள் பெருகிவிட்டன. களத்தில் ஆடுபவர்களிலும் வங்காளிகள் குறைவு. மணிப்பூர், மிசோரம், கேரளம், ஸ்பெயின், ஆஸ்திரேலியா என்று பல ஊர்க்காரர்கள். இருந்தும் பகை குறையவில்லை. காரணத்தைக் குலத்தில் தேடுவதைவிட, ஒரே ஊரில் ஒரே ஸ்டேடியத்தை இருவரும் சொந்த மைதானம் என்று சொல்வதில் தேடுவது நல்லது. மெட்ராஸிலோ மும்பையிலோ எதிரணியின் ரசிகர் ரயிலேறி வர வேண்டும். இங்கே அடுத்த மாடியில் இருக்கிறார்.

வெள்ளி: மைதான், கூடாரங்கள், டிக்கெட்

எஸ்பிளனேடில் இறங்கி மேற்கே நடந்தால் மைதான். மூன்று கிளப்புகளின் கூடாரங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கூடாரம் என்பது பழைய பெயர். இப்போது கட்டடம், அலுவலகம், சிற்றுண்டிச்சாலை, கோப்பை அறை எல்லாம் உண்டு. மோகன் பகான் 1889-ல் தொடங்கியது. 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்ட் என்ற கால்பந்துக் கோப்பையைத் தூக்கியது. அந்த ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி என்பதால் அந்தத் தேதியை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்ட் 1-ல் பிறந்தது. அதற்குச் சில நாள் முன்பு ஜோராபாகான் அணி மோகன் பகானுக்கு எதிராக இறங்கியபோது கிழக்கு வங்கத்துக்காரர் ஒருவரை வெளியே உட்காரவைத்தது. அந்தக் கோபத்தில் அணியின் நிர்வாகி விலகி வந்து ஆரம்பித்த கிளப். பிறப்பிலேயே ஒரு குறை சொல்லல் இருக்கிறது.

ஈஸ்ட் பெங்கால் பக்கம் போகிறவர்கள் துளசிதாஸ் பலராமை நினைத்துக்கொள்ளலாம். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இந்த ஊரில் ஆடி, 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்து, 2023-ல் கொல்கத்தாவிலேயே மறைந்தவர்.

டிக்கெட் விஷயம். ஆன்லைனில் வாங்குவதுதான் வழக்கம். ஆனால் வாங்கும்போதே மூன்று செய்திகளைப் படித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கைப்பேசி டிக்கெட்டே போதுமா, அல்லது கவுன்டரில் கொடுத்துத் தாள் டிக்கெட்டாக மாற்ற வேண்டுமா. மாற்ற வேண்டும் என்றால் கடைசி நாளுக்கு விடாதீர்கள். டெர்பிக்கு முந்தைய கலாட்டாவில் பாதி இந்த வரிசைகளில்தான் பிறக்கிறது. இரண்டாவது, உங்கள் பிளாக் எந்த அணியின் பக்கம். இணையப் படத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். விலை குறைவு என்று எதிர்ப்பக்கம் வாங்கிவிட்டுத் தன் அணியின் துண்டைக் கழுத்தில் போட்டு வருபவர் ஒவ்வொரு முறையும் உண்டு. மூன்றாவது, எந்த கேட். இரண்டு அணிக்கும் அதுவே சொந்த ஸ்டேடியம் என்பதால், அன்றைய ஆட்டத்தை நடத்துவது யார் என்பதைப் பொறுத்துப் பக்கங்கள் மாறும். பத்து வருஷமாக வருகிற உள்ளூர் ஆள்தான் இதில் அதிகம் ஏமாறுவார். போன தடவை நுழைந்த கேட்டுக்கே கால் தானாகப் போகும்.

கூடாரத்துக்கு வெளியே தாழ்ந்த குரலில் டிக்கெட் விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். ஒரே க்யூஆர் குறியீட்டை நான்கு பேருக்கு விற்பது சுலபம். முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே, மற்ற மூவர் கேட்டில் சண்டை.

மைதானிலிருந்து ஈடன் கார்டன்ஸ் சில நிமிட நடை. கிரிக்கெட் ரசிகர்களுக்கு அது வேறு இடம். கால்பந்துக்காரர்களுக்கு அது 1980 ஆகஸ்ட் 16. அன்று கொல்கத்தா லீக் டெர்பி அங்கே நடந்தது. இருதரப்பு ரசிகர்களையும் ஒரே கேலரியில் கலந்து உட்காரவைத்திருந்தார்கள். இடைவேளைக்குப் பின் மோகன் பகானின் பிதேஷ் போஸுக்கும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்துக்கும் மோதல். இருவருக்கும் சிவப்பு அட்டை. களத்தில் அது அத்தோடு முடிந்தது. கேலரியில் கைகலப்பானது, கல்லானது, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் குறுகிய வழிகளை நோக்கி ஓடினார்கள். 16 பேர் இறந்தார்கள். நெரிசல்தான் பெரும்பாலோரைக் கொன்றது, அடி அல்ல. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் கால்பந்து ரசிகர் தினமாக ரத்ததானம் நடக்கிறது.

கொல்கத்தாவில் ரசிகர்களைப் பிரித்து உட்காரவைக்கும் முறை அந்தச் சாவுகளிலிருந்து வலுப்பெற்றது. இன்று பிளாக், கேட், தடுப்புக் கம்பி என்று பார்க்கும் ஏற்பாடெல்லாம் ஒரே கேள்விக்கான பதில்: இரு தரப்புக் கூட்டத்தின் ஓட்டங்கள் எங்கே சந்திக்கின்றன? உள்ளே அந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கண்டுவிட்டார்கள். வெளியே, சாலையில், இன்னும் இல்லை.

சனி: ஸ்டேடியத்தைச் சுற்றி ஒரு நடை

டெர்பிக்கு முந்தைய நாள் காலை இங்கே ஒரு சுற்று நடந்து பார்ப்பது எந்தச் சுற்றுலாத் தலத்தைவிடவும் பயனுள்ளது. விவேகானந்தா யுவபாரதி கிரீராங்கன் என்பது முழுப்பெயர். யாரும் சொல்வதில்லை, யுவபாரதி அல்லது சால்ட் லேக். 1984-ல் திறந்தது. மூன்று அடுக்கு கேலரி, ஏறிப்போகப் படிக்கட்டுக்குப் பதில் சாய்தளங்கள். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காண 1,31,781 பேர் வந்ததாகக் கணக்கு. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டு ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வென்ற ஆட்டம். 2017 பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் பெஞ்சுகளை எடுத்துவிட்டுத் தனி நாற்காலிகள் போட்டதில் கொள்ளளவு ஏறக்குறையப் பாதியானது. கூட்டம் குறைந்தது பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் டிக்கெட் கிடைக்காதவர்களும் ஸ்டேடியம் வரை வருகிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது வழிகளைப் பார்ப்போம். ஸ்டேடியத்துக்கு மேற்கே வடக்குத் தெற்காக ஓடுகிறது ஈ.எம். பைபாஸ். தெற்கிலிருந்து வந்தால் ரூபி, சயன்ஸ் சிட்டி, சிங்ரிகாட்டா, பெலெகாட்டா சந்திப்பு, பிறகு ஸ்டேடியம். வடக்கிலிருந்து வந்தால் உல்டாடாங்கா, பெங்கால் கெமிக்கல், காதாபாரா, பிறகு ஸ்டேடியம். கரியா, ஜாதவ்பூர் பக்கத்து ஈஸ்ட் பெங்கால் வண்டிகள் தெற்கு வழி. ஷியாம்பஜார், பாக்பஜார் மோகன் பகான் வண்டிகள் வடக்கு வழி. இப்படியே இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பராசத், நைஹாட்டி பக்கமும் ஈஸ்ட் பெங்காலுக்குப் பெருங்கூட்டம் உண்டு. அவர்களும் உல்டாடாங்கா வழியாகத்தான் வர முடியும். ஹூக்ளிக் கரையின் மோகன் பகான் ஊர்களிலிருந்து கிளம்புபவர்களும் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். ஆக உல்டாடாங்கா ஒரு புனல்.

அந்தப் புனலுக்குள் இன்னொன்றும் இருக்கிறது: பிதான்நகர் ரோடு ரயில் நிலையம். சியால்தா புறநகர் ரயில்கள் இரண்டு நிறத்தையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்து ஒரே பிளாட்பாரத்தில் கொட்டும். தண்டவாளத்தில் ஜல்லி. இதைப் பெரிதாக யாரும் சொல்வதில்லை, ஆனால் கல் கைக்கெட்டாத இடத்தில் தகராறு பெரும்பாலும் வசவோடு தீர்ந்துவிடுகிறது. உயரத்திலோ பாதாளத்திலோ ஓடும் மெட்ரோவில் அதே இரண்டு நிறங்களும் தோளோடு தோள் நின்று பாட்டுக்குப் பாட்டு பாடிக்கொண்டு போவதற்குக் கேமராவும் குளிர்சாதனமும் மட்டும் காரணமல்ல. எடுத்து எறிய அங்கே எதுவும் இல்லை.

கல் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கு 2012 டிசம்பர் 9 சாட்சி. தேசிய லீக்கான ஐ-லீக்கின் டெர்பி. மோகன் பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை, கேலரி கொதித்தது, வந்து விழுந்த கல் ஒன்று அதே அணியின் ரஹீம் நபி முகத்தில் பட்டது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் களமிறங்க மறுத்துவிட்டது. முதலில் லீக்கிலிருந்தே விலக்கினார்கள். பிறகு புள்ளிக் குறைப்பு, அபராதத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். வாசலில் உங்கள் சட்டைப்பையைத் தடவும் காவலரிடம் எரிந்துவிழும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தகராறுக்கு எதிரணி வேண்டும் என்றுகூட இல்லை: 2025 டிசம்பரில் மெஸ்ஸி வந்து சீக்கிரமே கிளம்பிவிட்டபோது இதே கேலரியிலிருந்து பாட்டிலும் நாற்காலியும் பறந்தன.

இன்று மாலை டிஃபோ வேலை. பெரிய துணிப் பதாகைக்கு அந்தப் பெயர். ஈஸ்ட் பெங்கால் அல்ட்ராஸ், மோகன் பகானின் மரைனர்ஸ் பேஸ் கேம்ப் போன்ற ரசிகர் குழுக்கள் வாரக்கணக்கில் தைத்து வரைகின்றன. துணியைப் பட்டை பட்டையாகத் தைத்து, தரையில் விரித்துக் கட்டம் போட்டு, எழுத்தை முதலில், நிழலைப் பிறகு தீட்டுவது முறை. மடிப்பதில்தான் நுட்பம்: விசிறி மடிப்பாக, கீழ்வரிசை ஓரம் வெளியே வரும்படி. சுருட்டிக் கொண்டுபோனால் கேலரியில் விரிக்கும்போது முறுக்கிக்கொள்ளும். எழுத்து தலைகீழாக எழும்பினால் எதிர்ப்பக்கம் வருஷக்கணக்கில் சிரிக்கும். மழைக்காலத்தில் வண்ணம் காயாமல் மடித்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு கிழியும். வாசகத்தை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்காவிட்டால் கேட்டிலேயே நிறுத்திவைப்பார்கள். அந்தக் குழு கேட்டில் நின்று வாதாடினால், பின்னால் வரிசை தேங்கும்.

டிஃபோவைக் கேலி விளையாட்டு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. 2020 ஜனவரி 19 டெர்பியில் குடியுரிமை விவாதம் சூடாக இருந்த நேரம், ஈஸ்ட் பெங்கால் பக்கம் ஒரு பதாகை எழுந்தது: இந்த மண் ரத்தம் கொடுத்து வாங்கியது, காகிதம் கொடுத்து அல்ல. அகதிக் காலனிப் பேரன்கள் எழுதிய வரி.

பைபாஸ் நடையில் கடைசியாக நிற்க வேண்டியது ஸ்டேடியத்தின் முன்புறச் சாலை. 2024 ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். ஒன்பது நாள் கழித்து, 18-ம் தேதி டுராண்ட் கோப்பை டெர்பி. இருதரப்பும் கேலரியில் நீதி கேட்டுப் பதாகை விரிக்கத் தயாராக இருந்தார்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி முந்தைய நாளே ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள், ஆளுக்கொரு புள்ளி. ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் ரசிகர்கள் மாலையில் இங்கே வந்தார்கள். சிவப்பு–மஞ்சளும் பச்சை–மெரூனும் தனித்தனியாக வரவில்லை. கறுப்பு–வெள்ளையும் சேர்ந்துகொண்டது. ஒரு மோகன் பகான் ரசிகர் ஈஸ்ட் பெங்கால் ரசிகரைத் தோளில் தூக்கிவைத்திருக்கும் படம் நாடு முழுவதும் போனது. போலீஸ் தடியடி நடத்தியது, சிலரைப் பிடித்து வண்டியில் ஏற்றியது. பிரித்தால்தான் அமைதி என்று கட்டிய ஏற்பாடு அன்று எதிர்பாராதது இரண்டு ஓட்டமும் தாமே விரும்பிக் கலப்பதை. தடுப்புகள் எல்லாம் ஒருவரிடமிருந்து ஒருவரைக் காக்க வைத்தவை. அன்று அவற்றின் ஒரே பக்கத்தில் எல்லா ரசிகர்களும் நின்றார்கள்.

அதனால் பகை மறைந்துவிட்டது என்று எழுதினால் பொய். அடுத்த டெர்பியில் பழைய வசவுகள் அப்படியே திரும்பிவந்தன.

ஞாயிறு: ஆட்டம் மாலை 7.30

காலையில் மீன் சந்தை. இறாலும் ஹில்சாவும் அருகருகே கிடக்கும். ஜெயித்த பக்கத்து மீனுக்கு மறுநாள் கிராக்கி என்பது ஊர் வழக்கு. மழைக்காலம் தாண்டிவிட்டால் நல்ல ஹில்சா கிடைப்பதே அரிது, அதனால் ஈஸ்ட் பெங்கால் வீடுகளுக்கு வெற்றி எப்போதும் செலவு வைக்கும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை. டிக்கெட்டைக் கைப்பேசியில் இறக்கி வையுங்கள். அறுபதாயிரம் கைப்பேசிகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் இணையம் நகராது. கேட்டுக்கு வந்து செயலியைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் நிற்க, பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். மெட்ரோவுக்கு டோக்கன் வேண்டாம், ஸ்மார்ட் கார்டு வாங்கி, போகவர இரண்டுக்கும் போதுமான பணம் போட்டுவிடுங்கள். ஆட்டம் முடிந்த பின் கவுன்டரில் நிற்பது பாவம். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. ஆட்டத்துக்காகச் சிறப்பு ரயில் விட்டிருக்கிறார்களா என்று காலையே அறிவிப்பைப் பாருங்கள்.

எடுத்துப்போகக் கூடாதவை: தண்ணீர் பாட்டில், பை, குடை, லைட்டர், பட்டாசு, பவர் பேங்க், தடித்த கொடிக்கம்பு, ஹெல்மெட். சில சமயம் சில்லறைக் காசையும் கேட்பார்கள். ஹெல்மெட்தான் பெரிய சிக்கல். பைக்கில் வந்தால் அது வேண்டும், உள்ளே விடமாட்டார்கள், வாங்கி வைக்க நம்பகமான இடம் கிடையாது. வண்டியோடு சங்கிலி போட்டுப் பூட்ட முடியாதவர் மெட்ரோவில் வரட்டும். தண்ணீர் உள்ளே பாக்கெட்டில் கிடைக்கும். அதையும் எறிவார்கள், ஈரமாகும், ரத்தம் வராது.

பகல் ஒன்றிலிருந்து மாட்டடோர்கள் கிளம்பும். மாட்டடோர் என்றால் இங்கே சிறு சரக்கு வண்டி. பின்தட்டில் இருபது முப்பது பேர், கொடி, தாரை, மேளம். சட்டப்படி சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. டெர்பி நாளில் பைபாஸில் சரக்கு வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் போடுவார்கள். ஆனாலும் வருவார்கள், ஏனென்றால் ஒரு தெரு முழுவதும் சேர்ந்து வர அதைவிட மலிவான வழி இல்லை.

தகராறு பிறக்கும் விதம் அநேகமாக ஒன்றேதான். சிக்னலில் இரு நிற வண்டிகள் இணையாக நிற்கும். முதலில் பாட்டு. பிறகு வசவு, எதிர்ப்பக்கத்தின் கேலிப்பெயரைச் சொல்லி: ஈஸ்ட் பெங்கால் பக்கம் மாச்சா என்று கத்தும், மோகன் பகான் பக்கம் லோட்டா என்று திருப்பும். இது சகஜம், சிரித்துக்கொண்டே நடக்கும். யாராவது கையை நீட்டி எதிர்வண்டியின் கொடியைப் பிடித்து இழுத்தால்தான் நிலைமை மாறும். கொடி போன வண்டி சும்மா நகராது. ஓட்டுநர் சிக்னல் விழுந்ததும் கிளம்பிவிட்டால் அத்தோடு சரி. நெரிசலில் நகர முடியாவிட்டால் இறங்கிவிடுவார்கள். அப்போது தண்ணீர் பாக்கெட், பிறகு செருப்பு, பிறகு சாலையோரக் கட்டட வேலையின் செங்கல் துண்டு. மொத்தமே ஐந்து நிமிடம். போலீஸ் வந்து தடியை ஓங்கும்போது கல் எறிந்தவர் ஓடியிருப்பார், வேடிக்கை பார்த்தவர் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

ஆகவே வேடிக்கை பார்க்காதீர்கள். பஸ்ஸில் இருந்தால் உள்ளேயே, சன்னலை மூடிக்கொண்டு. நடந்து போகிறீர்கள் என்றால் வந்த வழியே திரும்பி ஓட வேண்டாம், பின்னால் கூட்டம் வந்துகொண்டிருக்கும். பக்கவாட்டில் சந்துக்கோ கடைக்கோ ஒதுங்குங்கள். கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுப்பது மிக மோசமான யோசனை: இருதரப்பும் உங்களை உளவாளியாகப் பார்க்கும். கழுத்தில் துண்டு இருந்தால் கழற்றிச் சட்டைக்குள். குழந்தையைத் தோளில் ஏற்றாதீர்கள். உயரத்தில் இருக்கும் தலைக்கே முதலில் படும்.

மெட்ரோவில் வருபவர்களுக்கு இந்த அத்தியாயம் முழுக்கவே தவறிவிடும், நல்லது. சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையத்தில் வெளியேற இடமில்லாதபடி நெருக்கடி தெரிந்தால், அதற்கு முந்தைய பூல்பாகானிலோ அடுத்த பெங்கால் கெமிக்கலிலோ இறங்கி நடக்கலாம். எந்தப் பக்கம் இறங்குவது என்பதை உங்கள் கேட்டை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஐந்து மணிக்கெல்லாம் கேட்டில் இருங்கள். இது பயந்தவருக்கான அறிவுரை மாதிரித் தெரியும். காரணம் வேறு. ஐந்திலிருந்து ஆறு வரை வரிசை வரிசையாகவே இருக்கும். ஆறே முக்காலுக்கு மேல் மாட்டடோர்க் கூட்டம் மொத்தமாக வந்து சேரும். உள்ளிருந்து மேளச் சத்தம் கேட்கும். அணிகள் பயிற்சிக்கு இறங்கிவிட்டன என்று யாரோ சொல்வார். அப்போது பின்னாலிருந்து தள்ளல் ஆரம்பிக்கும். தள்ளுபவருக்கு முன்னால் ஒரு டிக்கெட் ஸ்கேன் ஆகாமல் நிற்பது தெரியாது. முன்னால் இருப்பவருக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் என்று தெரியாது. மூங்கில் தடுப்பு சாய்ந்தால் தடியடி. மறுநாள் செய்தித்தாளில் ரசிகர்கள் மோதல் என்று வரும். மோதியவர்கள் எல்லோரும் ஒரே அணிக்காரர்களாகவே இருந்திருப்பார்கள்.

தள்ளலில் மாட்டிக்கொண்டால் கைகளை மார்புக்கு முன்னால் மடித்து வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். விழுந்த செருப்பை எடுக்கக் குனியாதீர்கள். அலை பின்வாங்கும் நொடியில் குறுக்காக ஓரடி, மறுபடி ஓரடி என்று ஓரத்துக்கு நகருங்கள். சுவரை ஒட்டியோ தடுப்பை ஒட்டியோ நிற்காமல் இருப்பது முக்கியம்; நெரிசலில் மார்பு நசுங்குவது அங்கேதான்.

உள்ளே போனதும் சாய்தளத்தில் நிற்காமல் ஏறிவிடுங்கள். இரு பக்கங்களுக்கும் நடுவே காலியாக விட்ட பிளாக்கும் அதில் போலீஸ் வரிசையும் தெரியும். அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்து டிக்கெட் கிடைக்காதவர்கள் பொருமுவார்கள். ஈடனில் அப்படி ஒரு காலி இடம் இருந்ததில்லை.

வெளியேறுவது பற்றி. தோற்கிற பக்கம் எண்பதாவது நிமிடத்திலேயே எழ ஆரம்பிக்கும். ஜெயிக்கிற பக்கம் அரைமணி நேரம் பாடிவிட்டுத்தான் இறங்கும். இந்த இடைவெளியே ஊருக்கு இயற்கை தந்த பாதுகாப்பு. ஆபத்தானது சமநிலை: இருவரும் ஒரே நிமிடத்தில் சாலைக்கு வருவார்கள், இருவருக்கும் குறை இருக்கும். ஆட்டம் டிராவாகப் போகிறது என்று தோன்றினால் இறுதி விசிலுக்குப் பின் இருபது நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். மாட்டடோர்கள் புறப்பட்ட பிறகு மெட்ரோவுக்கு நடங்கள்.

திங்கள்

பத்திரிகைகளில் முதல் பக்கம் முழுக்க ஆட்டம். உல்டாடாங்கா பற்றி உள்பக்கத்தில் நாலு வரி இருந்தால் அதிகம். ஊர் திரும்ப கோரமண்டலில் இடம் போட்டிருந்தால் ஷாலிமாருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்சி ஓட்டுநர் எந்த அணி என்று தெரியாமல் நேற்றைய ஆட்டம் பற்றிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.